கயிறு கட்டினோம், மைக்கை மறந்தோம்

போன மாதம் வேங்கிக்காலில் ட்ரோன் பயிற்சி முடித்துவிட்டு வந்த உங்களில் சிலர் டீக்கடையில் என்னை மடக்கி, "பாய், உங்க மிஷின் எத்தினி தடவ விழுந்திருக்குது?" என்று கேட்டீர்கள். டீ ஆறிவிடும் என்று அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன்.

விழுந்திருக்கிறது. புளியமரத்தில் மாட்டியிருக்கிறது. கிணற்றுக்குள் போயிருக்கிறது. ஒரு தடவை கல்யாண மண்டபத்து சீரியல் பல்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி இறங்கியிருக்கிறது. அந்தக் கல்யாண வீடியோவைப் பார்த்த பெண்ணின் அப்பா, "பொண்ணு மூஞ்சியவிட மாடித் தண்ணி டேங்க்தான் பாய் ஜாஸ்தி தெரியுது" என்றார். வயலில் மருந்தடிக்கப் போன இடத்தில் ஒரு விவசாயி, "உன் மிஷின் வந்ததுல இருந்து எங்க மாடு வானத்தப் பாத்துக்கினே நடக்குது, வரப்புல கால் இடறுது" என்றார். இப்படி ஜனங்கள் சொன்னதையெல்லாம் மனசில் சேர்த்து வைத்திருக்கிறேன். என் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. ட்ரோனில் எனக்குத் தெரிந்ததில் பாதி, மிஷின் விழுந்து கற்றுக்கொடுத்தது. மீதி, யாரோ போகிற போக்கில் சொன்னது.

விழுந்த மிஷின் எதுவும் இப்போது என்னைத் தொந்தரவு செய்வதில்லை. கண் மங்கி, வானத்தில் ஒரு புள்ளி இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கப்புறமும் நினைத்தால் உள்ளங்கை வேர்ப்பது ஒரே ஒரு மிஷினுக்குத்தான். அது விழவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு கிராமம். அம்மன் கோயில் கும்பாபிஷேகம். பெரிய கோயில் பக்கம் நாம் மிஷினை எடுக்கவே கூடாது. இது அங்கிருந்து நன்றாகத் தள்ளி, அனுமதியெல்லாம் முறையாக வாங்கிய இடம். கலசத்துக்கு ஊற்றிய புனித நீரைக் கூடியிருக்கும் ஜனங்கள் மேல் தெளிப்பது வழக்கம். முன்பு மேலே நின்று வாளியில் தெளித்தார்கள். அப்புறம் மோட்டார் பம்பு வைத்துப் பீய்ச்சினார்கள். இப்போது எல்லா ஊரிலும் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனைக் கேட்கிறார்கள். பக்கத்து ஊரில் விட்டார்கள், நம் ஊரிலும் விட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

நம் கல்யாண கேமரா ட்ரோன் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். அது கையில் அடங்குகிற குருவி. இது ஆறு கை விரித்த மிஷின். வயிற்றில் தண்ணீர் டேங்க். நிரப்பிவிட்டால் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. ஒவ்வொரு றெக்கையும் ஒரு முழத்துக்கு மேல். சுற்றும்போது அது தெரியாது, சத்தம்தான் தெரியும்.

மிஷின் மஞ்சுளாவுடையது. அதாவது, அவர் இருக்கும் மகளிர் குழுவுடையது. வயலில் மருந்தடிப்பதில் என்னைவிட மஞ்சுளாவுக்குக் கை திருத்தம். கூட்டத்துக்குப் பக்கத்தில் பறக்கவிட்ட பழக்கம் எனக்கு இருந்ததால் ரிமோட் என் கையில். அவர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று வானத்தையும் தரையையும் பார்த்துச் சொல்ல வேண்டும். மருந்தடித்த டேங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று அடம்பிடித்துப் புது டேங்க், புதுக் குழாய் போட்டவரும் அவர்தான். "பழைய டேங்க்ல ஊத்துனா பாவத்தோட சேத்து தலைப்பேனும் போயிடும் பாய்" என்றார்.

ஏற்பாடு இதுதான். கோயிலுக்கு முன்னால் திடலில் ஜனங்கள். திடலின் இடது ஓரமாக, ஏரிக்கரை வரைக்கும் நீளமாக ஒரு பட்டை இடத்துக்குக் கயிறு கட்டினோம். காற்று அந்தப் பக்கமிருந்து கூட்டத்தை நோக்கி வீசியது. ஆகவே மிஷின் யார் தலைக்கு மேலும் போக வேண்டியதில்லை. கயிற்றுக்குள்ளேயே கிளம்பி, கயிற்றுக்குள்ளேயே போய்வந்து, கயிற்றுக்குள்ளேயே இறங்கும். தூறலைக் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். திடலின் பின்னால் தென்னந்தோப்பு. வலது பக்கம் ரோடு, கரண்டுக் கம்பி. நுழைவாயில் பக்கம் மதிலோரமாக ஒரு இடத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். இதையெல்லாம் காலையிலேயே இரண்டு பேரும் நடந்து பார்த்தோம். எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது. இன்று யோசித்தால் அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது.

மைக் விழாக் குழுத் தலைவர் கையில் இருந்தது. நல்ல மனுஷர். அந்தக் கும்பாபிஷேகத்துக்காக நாலு வருஷம் வீடு வீடாக அலைந்தவர். அன்று அவர் சந்தோஷத்தில் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவரிடம் கயிற்றைக் காட்டினோம், "யாரும் உள்ள வரக்கூடாது தலைவரே" என்றோம். "நான் பாத்துக்கிறேன் பாய்" என்றார். மைக்கில் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று நாங்கள் பேசவில்லை. அது எங்கள் வேலை என்று தோன்றவே இல்லை.

கலசத்துக்கு நீர் ஊற்றும் நேரம். மேளம் உச்சத்தில் இருந்தது. மிஷினைக் கிளப்பினேன். கயிற்றுக்கு மேலாகத் தென்னை உயரத்துக்குக் கொஞ்சம் கம்மியாக நிறுத்தி, பம்பைத் திறந்தேன். தூறல் அழகாகச் சாய்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தது. ஜனங்கள் முகத்தைத் தூக்கிக் கையை ஏந்தினார்கள்.

அப்போது மைக்கில் தலைவர் குரல். "பக்தர்களே, ட்ரோன் இப்போ ஏரிக்கரை பக்கமா போவுது. ஏரிக்கரை பக்கம் இருக்கிறவங்க தயாரா இருங்க. அந்தாண்ட நிக்கிறவங்க இப்பிடி வாங்க, தண்ணி இங்கதான்."

கூட்டம் நகர்ந்தது. நான் மிஷினை நகர்த்துவதற்கு முன்னாலேயே அது எங்கே போகும் என்று அவர் சொன்னார். சொன்ன இடத்துக்கு ஜனங்கள் ஓடினார்கள். கயிறு ஒரு தடவை இறுகி, தளர்ந்து, காணாமல் போனது. 

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். மற்ற எந்த இடத்திலும் ஒரு மிஷின் தாழ்ந்து வந்தால் ஜனங்கள் விலகுவார்கள். இங்கே அதிலிருந்து அம்மன் தீர்த்தம் வருகிறது. தாழ்ந்து வந்தால் கூடுவார்கள். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார்கள்.

"பம்ப நிறுத்துங்க பாய்" என்றார் மஞ்சுளா. நிறுத்தினேன். நிறுத்தியதும் நமக்குத் தண்ணீர் வராமல் போய்விடுமோ என்று கூட்டம் இன்னும் நெருங்கியது. தெளித்தால் கீழே கூடுகிறார்கள். தெளிக்காவிட்டால் டேங்கில் பாரம் அப்படியே இருக்கிறது. பாரம் இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். எதைச் செய்தாலும் தப்பாகிற மாதிரி ஒரு நிலைமை.

அந்த நேரம் பார்த்துக் கருடன் வந்தது.

கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட வேண்டும் என்று ஜனங்கள் எப்படிக் காத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "அதோ, அதோ" என்று கை எல்லாம் மேலே போனது. தலைவர் மைக்கில் அழுதேவிட்டார். கோபுரத்தின் மேல் ஒரு வட்டம் போட்ட கருடன், அடுத்த வட்டத்தில் எங்கள் மிஷினைப் பார்த்துவிட்டது. தன் இடத்தில் புதிதாக ஒன்று நிற்கிறதே என்று அதற்குக் கோபம். இறங்கி இறங்கி வந்தது.

அந்தப் பறவை றெக்கையில் மோதினால் மிஷின் விழும். கீழே ஜனங்கள். அது ஒன்று. இன்னொன்று, அத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது கருடன் அடிபட்டு விழுந்தால், ரிமோட் யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள். ஒரு பாய் கையில் இருந்தது. அந்த ஊரில் யாரும் என்னை வேறு ஆளாக நடத்தியதில்லை. காலையில் பொங்கல் கொடுத்து உட்கார வைத்தவர்கள். இருந்தாலும் அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

பாரத்தோடு அந்த மிஷினை வேகமாக மேலே ஏற்ற முடியாது. கீழே இறக்கினால் தலைகள். அசையாமல் நிறுத்தினேன். அசையாத ஒன்றின் மேல் பறவைக்குச் சந்தேகம் குறையும் என்று ஒரு நம்பிக்கை. கருடன் இன்னும் ஒரு தடவை கிட்டத்தில் உரசுகிற மாதிரி போய், ஏரிப் பக்கம் விலகியது. கூட்டம் கோஷம் போட்டது.

ரிமோட் கூவ ஆரம்பித்தது.

அசையாமல் நிற்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நிற்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மிஷின் பேட்டரியைத் தின்கிறது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் அது நம்மைக் கேட்காது. கிளம்பின இடத்துக்குத் தானே திரும்பிப் போய்த் தானே இறங்கிவிடும். பத்திரமாக வந்து சேரட்டும் என்று செய்து வைத்த வசதி. கிளம்பின இடம் கயிற்றுக்குள். கயிற்றுக்குள் இப்போது நிற்க இடமில்லாமல் ஜனங்கள்.

"ஏரிக்குள்ள முள்ளுச்செடியில விட்டுடலாமா, மிஷின் போயிடும்" என்றேன்.

"மிஷின் போனா போவட்டும் பாய். ஆள் மேல மட்டும் விடாதீங்க" என்றார் மஞ்சுளா. உடனே அவரே, "வேணாம், கரை மேல பசங்க ஏறிட்டாங்க" என்றார்.

அதற்குள் எங்களைச் சுற்றி ஆளாளுக்கு யோசனை. "தோப்பு மேல விடு பாய்." "ரோட்ல இறக்கு." "இங்க ஒரு ரவுண்டு அடிச்சுட்டு அப்புறம் இறக்கு, எங்க அம்மா இப்பதான் வந்துது." ஒவ்வொரு குரலுக்கும் என் கட்டைவிரல் ஒரு நூல் அசைந்தது. மஞ்சுளா என் முன்னால் வந்து நின்று, முதுகால் எல்லோரையும் தள்ளினார். "பாய், நான் பேசறது மட்டும் கேளுங்க. வேற யார் பேசனாலும் அது மேளம்னு நெனச்சுக்கங்க" என்றார். ரிமோட் பிடித்தவன் காதுக்குள் ஒரே குரல்தான் போக வேண்டும் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அன்று அதைச் சொல்ல ஆள் தேவைப்பட்டது.

ஒரு வழி எனக்குத் தோன்றியது. மைக்கில் தலைவரை விட்டு, 'ட்ரோன் இப்போ கோயிலுக்குப் பின்னால வருது' என்று சொல்ல வைக்கலாம். மொத்தக் கூட்டமும் ஓடும், கயிறு கட்டிய இடம் காலியாகும், இறக்கிவிடலாம். மஞ்சுளாவிடம் சொன்னேன். அவர் கோயிலின் பக்கவாட்டுச் சந்தைப் பார்த்தார். ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய சந்து.

"அந்தச் சந்துல ஓட வுட்டா மிஷின் செய்யாதத நம்மளே செஞ்ச மாதிரி ஆயிடும்" என்றார். "நிறுத்தணும் பாய். ஓட வுடக்கூடாது."

தலைவர் நின்ற மேடைக்கு ஓடினார். எனக்கு ரிமோட்டின் கூவல், மிஷினின் சத்தம், என் மூச்சு, இவ்வளவுதான். மைக்கில் தலைவர் குரல் பாதியில் அறுந்தது. மஞ்சுளாவின் குரல் வந்தது. வயலில் எட்ட இருக்கும் ஆளைக் கூப்பிடுகிற குரல், கத்தல் இல்லை.

"எல்லாரும் இருக்கிற எடத்துலயே உக்காருங்க. உக்காந்தவங்களுக்குத்தான் தீர்த்தம். நின்னா கெடையாது. கொழந்தைய மடியில வெச்சுக்கங்க. எழுந்திருக்காதீங்க."

முதலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒரு வரிசை உட்கார்ந்ததும் பின் வரிசைக்கு மறைக்கவில்லை என்று சண்டை நின்றது. ஆண்கள் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திடல் முழுக்கத் தலைகள் பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டன. ஓட்டம் நின்றது.

ஆனால் கயிற்றுக்குள் இருந்தவர்களும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். இருக்கிற இடத்தில் உட்காருங்கள் என்றுதானே சொன்னோம். மிஷின் தானாக இறங்கப் போகிற இடத்தில் இப்போது அவர்கள் சம்மணம் போட்டுக் கை ஏந்திக்கொண்டிருந்தார்கள். 

மஞ்சுளா மேடையிலிருந்து திரும்பி ஓடி வந்தபோது இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். திடலில் யாரும் நிற்காத, யாரும் உட்காராத ஒரே இடம். மதிலோரம், செருப்பு விட்ட இடம்.

என் கை நின்றுவிட்டது. டேங்கில் இருப்பது அம்மன் தீர்த்தம். கீழே இருப்பது ஊர்ச் செருப்பு.

"மஞ்சுளா, அதுல இறக்கறது…"

"இறக்குங்க பாய். நான் பேசிக்கறேன்."

மதிலை ஒட்டியே, உட்கார்ந்தவர்கள் தலையைத் தொடாத பாதையில் மிஷினைக் கொண்டுபோனேன். இறக்க இறக்க அதன் காற்றில் செருப்புகள் உருண்டு ஓடின. தூசி கிளம்பி எதுவும் தெரியவில்லை. தரைக்கு ஒரு ஆள் உயரம் இருக்கும்போது 'பட்' என்று ஒரு சத்தம். மிஷின் ஒரு பக்கம் சாய்ந்தது. றெக்கை ஒன்று துண்டாகி மதிலில் அடித்து விழுந்தது. மோட்டாரை அணைத்தேன். மீதி தூரம் அது தானே விழுந்து, சாய்ந்தபடி உட்கார்ந்துகொண்டது.

ஓடிப்போய் முதலில் பேட்டரியைக் கழற்றினேன். எத்தனை அவசரமானாலும் அதற்கு முன்னால் வேறு எதையும் தொடாதீர்கள்.

தலைவர் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னா பாய் இது? செருப்பு மேலயா இறக்குவீங்க, அம்மன் தீர்த்தத்த? நாலு வருஷம் பாய். எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க."

நான் எது சொன்னாலும் தப்பாகப் போகும் என்று பட்டது. மஞ்சுளாதான், "வேற எடம் காலியா இல்ல தலைவரே" என்றார்.

"கயித்துக்குள்ள இறக்கறதுன்னுதான பேச்சு?"

"கயித்துக்குள்ள யார் உக்காந்திருக்காங்கனு திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பவில்லை. "ரோட்டுப் பக்கம் ஒரு சொட்டு வுழல. அத்தன பேரும் உக்காந்துக்கினு இருக்கிறாங்க. வேற றெக்கை இருக்குதா? வேற பேட்டரி இருக்குதா?"

"ரெண்டும் வண்டியில இருக்குது."

"அப்ப மாட்டுங்க. ஒரே ஒரு ரவுண்டு. கேக்கறாங்க இல்ல?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மிஷின் மேலே இருக்கும்போது வருகிற பயம் நம்மைக் காப்பாற்றிவிடும். அப்போது நமக்கு வேறு நினைப்பு வராது. இறங்கினபிறகு, எதுவும் ஆகவில்லையே என்று இருக்கும்போது, நாம் மதிக்கிற ஒரு மனுஷர், நியாயமான ஆசையோடு, இன்னும் ஒரு ரவுண்டு என்று கேட்பார். அவரைச் சமாதானப்படுத்த மாட்டோமா என்று நமக்கே இருக்கும். எனக்கு இருந்தது. என் கை வண்டிச் சாவியைத் தடவியது.

அப்போது ஒரு பெண் எழுந்து எங்களைப் பார்த்து வந்தார். இடுப்பில் மூன்று வயதுப் பையன். "செருப்பு எல்லாம் பறந்துச்சே, புள்ளது எங்க போச்சுனு பாக்கறேன்" என்று மிஷினைச் சுற்றித் தேடினார். மதிலோரம் குனிந்து எதையோ எடுத்தார். நீல நிறத்தில் ஒரு சின்ன ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் மட்டும் இருந்தது. கத்தியால் நறுக்கின மாதிரி நேராக ஒரு வெட்டு. விரல் பக்கத்தை மஞ்சுளா மிஷினின் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பெண் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்தார். பையன் இடுப்பிலிருந்து எட்டி, தன் செருப்பு என்று வாங்கிக்கொண்டான்.

தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி, கயிறு இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே எல்லோரும் இன்னும் கை ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தவர்களுக்குத் தீர்த்தம் என்று சொல்லியிருந்தோமே. இந்தப் பெண்ணைத் தவிர ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அவர் மேடைக்கு நடந்தார். மைக்கைக் கையில் வாங்கினார். "யாரும் எழுந்திருக்காதீங்க. யாகசாலைல ஒரு அண்டா தீர்த்தம் இருக்குது. சொம்புல எடுத்தாந்து நாங்களே ஒவ்வொருத்தருக்கா தெளிக்கிறோம்" என்றார்.

"புதுசாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"இந்தத் திருவிழாவுக்குனு வாங்குனது பாய்."

"நான் வாங்கித் தரேன்."

அவர் பையனை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார்.

"செருப்புதான பாய். போனா போவுது, விடுங்க."